கரிசல் காட்டுக்கு என்ன விலை?

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



நிலத்தின் பெருமையைப் பேசப் பலர் இருக்கிறார்கள். நான் நில மதிப்பீட்டுத் தொழிலில் இருப்பவன். எனக்குத் தெரிந்தது விலை. ஆகவே விலையைப் பற்றியே பேசுகிறேன்.

"அந்தப் பக்கம் ஏக்கர் என்ன போகுது?" விருதுநகர் மாவட்டத்தின் எந்த டீக்கடையிலும் இந்தக் கேள்வி விழும். அதற்கு மூன்று பதில்கள் உண்டு. பதிவுத்துறை வைத்திருப்பது வழிகாட்டி மதிப்பு. பத்திரத்தில் ஏறுவது கிரயத் தொகை. கைக்குக் கை மாறுவது வேறொரு தொகை. மூன்றும் ஒத்துப்போகும் பத்திரம் அபூர்வம். எல்லாருக்கும் தெரிந்த சங்கதிதான்; அதனாலேயே யாரும் பேசுவதில்லை.

இன்று நான் சொல்ல வந்தது ஒன்றே. பத்திரத்தில் எழுதும் விலை, விற்பவரும் வாங்குபவரும் தங்களுக்குள் முடித்துக்கொள்ளும் சொந்த விவகாரம் அன்று. அது ஊருக்கே சாட்சி. அந்தச் சாட்சி பொய்யானால் முதல் நட்டம் நிலத்தை விற்ற விவசாயிக்கு, நம் பேச்சில் சம்சாரிக்கு. அடுத்த நட்டம் அவருடைய பொழிக்கு அடுத்த பொழிக்காரருக்கு.

மண்ணுக்கு இரண்டு கணக்கு

1910-ல் மதுரை, திருநெல்வேலி மாவட்டங்களிலிருந்து பகுதிகளைப் பிரித்து இராமநாதபுரம் மாவட்டம் உண்டாயிற்று. அதிலிருந்து 1985-ல் நம் விருதுநகர் மாவட்டம் பிறந்தது. மேற்கே இராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர், வத்திராயிருப்பு: மலையடிவாரம், செம்மண், கிணற்று இறவை, மா, தென்னை, நெல். கிழக்கே சாத்தூர், அருப்புக்கோட்டை, திருச்சுழி: கரிசல், கண்மாய், வடகிழக்குப் பருவமழையை நம்பிய மானாவாரி. பருத்தி, கம்பு, சோளம், மக்காச்சோளம், மல்லி, மிளகாய்.

கரிசல் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும் மண். ஐப்பசியில் பெய்த மழையைத் தையில்கூட வேருக்குக் கொடுக்கும். விதைக்கிறவனுக்கு அது வரம். அதே மண் ஈரத்தில் உப்பும், வெயிலில் வெடிக்கும். வீடு கட்டுகிறவனுக்கு அஸ்திவாரத்திலேயே கை கடிக்கும். ஆகவே ஒரே புஞ்சைக்கு விதைப்பவன் ஒரு கணக்குப் போடுவான், மனை போடுபவன் இன்னொரு கணக்குப் போடுவான். இதில் எது சரி என்று கேட்பதில் பயனில்லை. வாங்குகிறவர் அதில் என்ன செய்யப்போகிறார், அதைச் செய்யச் சட்டம் இடம் தருகிறதா என்பவைதான் மதிப்பீட்டின் முதல் கேள்விகள்.

வளம் கூடிய நிலத்துக்கு வாரம் கூடும் என்பதை 1817-ல் டேவிட் ரிக்கார்டோ விளக்கினார். சந்தை நகரத்துக்கு அருகே விலை கூடும், தூரம் போகப் போகக் குறையும் என்பதை 1826-ல் ஜெர்மானியப் பண்ணையாளர் வான் தூனன் கணக்கிட்டுக் காட்டினார். நம் நீதிமன்றங்களும் இந்த வழியிலேயே சிந்தித்திருக்கின்றன. புனே நிலம் ஒன்று பற்றிய சிமன்லால் வழக்கில் 1988-ல் உச்ச நீதிமன்றம் ஒரு பட்டியல் தந்தது. சாலையை ஒட்டியிருப்பது, முகப்பு அகலம், வளர்ந்த பகுதிக்குப் பக்கத்தில் இருப்பது, சிறிய அளவு, சீரான வடிவம் ஆகியவை விலையைக் கூட்டும். உள்ளே ஒதுங்கியிருப்பது, பெரும் பரப்பு, ஒடுக்கமான துண்டு, மேடாக்க வேண்டிய பள்ளம் ஆகியவை குறைக்கும். இன்றும் மதிப்பீட்டாளர் கையில் இருக்கும் பட்டியல் இதுதான்.

தூரத்துக்குக் கிடைக்கும் விலை

சிவகாசியைச் சுற்றி வந்தால் அந்தப் பட்டியல் தலைகீழாக நிற்பதைக் காணலாம்.

1920-களின் தொடக்கத்தில் ஐய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்று வந்தார்கள். மழை குறைவு, காற்றில் ஈரம் குறைவு, வேளாண்மை நிச்சயமில்லாததால் வேலைக்குக் காத்திருந்த கைகள் நிறைய. விவசாயத்துக்கு எவையெல்லாம் குறையோ அவையெல்லாம் அந்தத் தொழிலுக்கு மூலதனமாயின. தீப்பெட்டியைத் தொடர்ந்து பட்டாசு வந்தது.

பட்டாசு ஆலைக்கு வேண்டியது கட்டடம் மட்டும் அன்று, கட்டடத்துக்கும் கட்டடத்துக்கும் நடுவே உள்ள வெற்றிடமும்தான். இப்போது நடப்பில் உள்ள 2008-ஆம் ஆண்டு வெடிபொருள் விதிகள், அறைக்கும் அறைக்கும் இடையே, வெடிமருந்து அறைக்கும் மற்றவற்றுக்கும் இடையே, ஆலைக்கும் சாலைக்கும் குடியிருப்புக்கும் இடையே இவ்வளவு தூரம் என்று வகுத்திருக்கின்றன. ஆட்சியரின் தடையின்மைச் சான்று வேண்டும். நாக்பூர் லைசென்ஸ், சென்னை லைசென்ஸ், டி.ஆர்.ஓ. (மாவட்ட வருவாய் அலுவலர்) லைசென்ஸ் என்று, தரும் அலுவலகத்தை வைத்து ஊரார் சொல்லும் ஒவ்வொன்றுக்கும் வைத்துக்கொள்ளக்கூடிய மருந்தின் அளவு வேறு. அளவு கூடக் கூட விட வேண்டிய தூரமும் கூடும். பத்து ஏக்கர் ஆலை என்றால் கூரை விழுந்த இடம் கொஞ்சம். மற்றதெல்லாம் சும்மா கிடக்கும். அப்படிக் கிடப்பதுதான் அதன் வேலை.

ஆகவே வெம்பக்கோட்டை, சாத்தூர்ப் பக்கத்தில் ஊரை விட்டு ஒதுங்கிய, பெரும் பரப்பான, அக்கம்பக்கத்தில் வீடு இல்லாத கரிசல் துண்டைத் தேடி வருகிறவர்கள் உண்டு. சிமன்லால் பட்டியலில் குறை என்று எழுதப்பட்ட ஒதுக்கமும் பெரும் பரப்பும் அவர்களுக்கு நிறை.

இதில் பக்கத்துக் காட்டுக்காரரை யாரும் நினைப்பதில்லை. ஓர் ஆலை வந்தபின் அதை ஒட்டிய புஞ்சையை மனையாக்க முடியாது. வீடு கட்ட யாரும் வாங்கமாட்டார்கள். பாதுகாப்புத் தூரத்துக்குள் ஒரு வீடு எழும்பினால் ஆலையின் உரிமத்துக்கே ஆபத்து. அப்படியானால் அந்தப் புஞ்சைக்கு நிஜமாக வாங்குநர் ஒருவர்தான்: ஆலைக்காரர். அவர் வந்து, "மானாவாரிக் காடுதானே அண்ணாச்சி, ஊர் விலை போட்டுக் கொடுங்க" என்பார். சம்சாரியும் தலையாட்டிவிடுவார். ஆனால் அவர் விற்பது மானாவாரிக் காட்டை அன்று. ஆலையின் உரிமத்துக்கு அரணாக நிற்கும் தூரத்தை. பன்னாட்டு மதிப்பீட்டு நெறிகள், குறிப்பிட்ட ஒரு வாங்குநருக்கு மட்டும் கூடுதலாகப் பயன்படும் மதிப்பைத் தனி மதிப்பு என்று பிரித்து வைக்கின்றன. வங்கிக் கடனுக்கு மதிப்பீடு செய்யும்போது அந்தத் தனி மதிப்பைச் சந்தை விலையில் சேர்க்கக் கூடாது. பேரத்தில் உட்காரும்போது அதை மறக்கவும் கூடாது.

ஆலையையே விற்கும்போது வேறொரு குழப்பம் வரும். நிலம், அறைகள், உரிமம் மூன்றையும் சேர்த்து ஒரே விலை பேசுவார்கள். நிலம் கிரயமாகும், உரிமம் நிலத்தோடு தானாகப் போகாது. அறை அறையாகப் பிரித்து உள்குத்தகைக்கு விடும் வழக்கம் இந்தக் குழப்பத்தின் மிகக் கொடிய வடிவம். 2021 பிப்ரவரி 12 அன்று அச்சங்குளத்தில் நடந்த வெடிவிபத்தில் 20-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதன்பின் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் அமைத்த, நீதிபதி கே. கண்ணன் தலைமையிலான குழுவின் விசாரணையில் இந்த உள்குத்தகைப் பழக்கம் முன்னால் வந்து நின்றது. உரிமம் ஒருவர் பெயரில், குத்தகை இன்னொருவர் கையில், அறை மூன்றாமவரிடம் என்று போகும்போது ஒவ்வொருவரும் போட்ட காசை எடுக்கப் பார்க்கிறார்கள். காலியாகக் கிடக்க வேண்டிய இடத்தில் வேலை நடக்கிறது. ஓர் ஆலையின் வாடகை வருமானத்தைப் பெருக்கி மதிப்பு எழுதும் மதிப்பீட்டாளர், அந்த வாடகை எப்படி வருகிறது என்று கேட்காமல் கையெழுத்துப் போடக் கூடாது.

நான்குமாலில் இருக்கிறது பாதி விலை

மாதிரிக்கு ஒரு சொத்து விவரம். நம் ஊர்ப் பத்திரங்களில் இப்படித்தான் வரும்: "புஞ்சை ஹெக்டேர் 1.21.5-க்கு ஏக்கர் 3.00. இதற்கு நான்குமால்: வடக்கே ஓடைப் புறம்போக்கு, கிழக்கே இன்னார் புஞ்சை, தெற்கே வண்டிப்பாதை, மேற்கே இன்னார் புஞ்சை. இதில் உள்ள கிணற்றில் இரண்டில் ஒரு பங்கும், இறவைப் பாத்தியமும், பம்புசெட்டும், மின் இணைப்பும், மாமூல் வழிநடைப் பாத்தியமும் உள்பட."

இதை ஒவ்வொன்றாகப் பிரித்துப் படியுங்கள். முதலில் அளவு. பட்டாவில் ஹெக்டேர், ஏர்ஸ். பழைய பத்திரத்தில் ஏக்கர், சென்ட். 1 ஹெக்டேர் 2.47 ஏக்கர். பெருக்கிப் பார்த்தால் மேலே சொன்னது ஒத்துவருகிறது. பல பத்திரங்களில் ஒத்துவராது. 1979-ல் தொடங்கிய நில உடைமை மேம்பாட்டுத் திட்டத்தில், யு.டி.ஆர். என்று எல்லாரும் சொல்வதில், சர்வே எண்கள் மாறின, உட்பிரிவுகள் மாறின. பெயர்களும் சில இடங்களில் தப்பாக ஏறின. பத்திரத்தில் மூன்று ஏக்கர், பட்டாவில் இரண்டே முக்கால் என்றால் விற்கக்கூடியது இரண்டே முக்கால்தான். கால் ஏக்கருக்கு முதலில் வட்டாட்சியர் அலுவலகம், பிறகு விற்பனை.

அடுத்து, தெற்கே வண்டிப்பாதை. அது புலப்படத்தில் பாதையாக வரையப்பட்டிருக்கிறதா, இல்லை பக்கத்துப் பட்டாக்காரர் தாத்தா காலத்திலிருந்து விட்டுக்கொடுத்து வரும் தடமா? முதலாவது என்றால் பாதை யார் கையிலும் இல்லை. இரண்டாவது என்றால் அவர் மகன் நாளைக்கே முள்ளைப் போட்டு அடைக்கலாம். பாத்தியத்தை நிலைநாட்ட நீதிமன்றம் போக வேண்டும். வழியில்லாத காட்டுக்கு வாங்குநர் பக்கத்துக் காட்டுக்காரர்தான். அவர் சொல்வதுதான் விலை.

வடக்கே ஓடை. இன்று வறண்டு சீமைக்கருவேலம் மண்டிக் கிடக்கலாம். மழைக்காலத்தில் அது எங்கே நிறைந்து வழிகிறது என்று ஆடு மேய்க்கிறவரிடம் கேளுங்கள். வேலி ஓடைக்குள் போயிருந்தால் அந்தப் பகுதிக்கு விலை கிடையாது.

கிணற்றில் பாதி. மற்றப் பாதிக்காரர் யார், இறவை முறை வாரத்தில் எந்த நாள்? மின் இணைப்பு யார் பெயரில்? தமிழகத்தில் 1990 முதல் விவசாயிகளுக்கு இலவச மின்சாரம். புதிய இணைப்புக்கு நெடுநாள் காத்திருக்க வேண்டும் என்பதால், ஓடிக்கொண்டிருக்கும் ஒரு சர்வீஸ் நிலத்தின் விலையில் தனியாக எண்ண வேண்டிய சொத்து.

நான்குமாலில் வராத ஒன்று உண்டு: உரிமையாளர் வீட்டுப் பெண்கள். இந்து வாரிசுரிமையில் தமிழ்நாடு கொண்டுவந்த திருத்தம் 1989 மார்ச் 25 முதல், அன்று மணமாகாதிருந்த மகள்களுக்குப் பூர்வீகச் சொத்தில் பங்கு கொடுத்தது. 2005-ல் நாடாளுமன்றம் அதை விரித்தது. 2020-ல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. "தங்கச்சிக்குச் சீர் செஞ்சாச்சு, அவ கேட்கமாட்டா" என்ற பேச்சை நம்பி வாங்கியவர்கள் இன்று வழக்கு நடத்திக்கொண்டிருக்கிறார்கள். தங்கச்சி கையெழுத்து இல்லாத நிலம் விலையில் தள்ளுபடி கேட்கும். கையெழுத்து வாங்கி அவருக்குரிய பங்கையும் கொடுத்துவிட்டால் விலை நிமிரும். பஞ்சமி நிலம், பூமிதான நிலம், நிபந்தனையோடு அரசு ஒப்படை செய்த நிலம், கோயில் நிலம் இவற்றில் எந்தத் தள்ளுபடியும் குறையைத் தீர்க்காது. 2011-ல் சூரஜ் லாம்ப் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னபடி, வெறும் பவர் பத்திரமும் கிரயம் ஆகாது.

குறைத்து எழுதியதன் கூலி

இனி மூன்று விலைகளுக்கு வருவோம். முத்திரைச் சட்டத்தில் தமிழ்நாடு 1967-ல் 47ஏ பிரிவைச் சேர்த்தது. 1968-ல் விதிகள் வந்தன. பத்திரத்தில் விலை குறைவு என்று சார்பதிவாளர் கருதினால் தனித்துணை ஆட்சியருக்கு அனுப்புவார். அதற்கு உதவியாக வந்ததே வழிகாட்டி மதிப்பு. டான்சி நில வழக்கில் 2003-ல் உச்ச நீதிமன்றம், வழிகாட்டி மதிப்பு முதல்நிலைக் குறிப்புதான், சந்தை விலைக்கு அதுவே முடிவான அளவுகோல் அன்று என்று சொல்லிவிட்டது. பெயரே வழிகாட்டி, நாமோ அதையே விலையாக்கிவிட்டோம்.

அந்த மதிப்பும் நிலையாக நிற்கவில்லை. 2012 ஏப்ரலில் உயர்ந்தது. 2017 ஜூன் 9 முதல் 33 சதவீதம் குறைந்தது. அதே வேகத்தில் பதிவுக் கட்டணம் 1-லிருந்து 4 சதவீதமாயிற்று. 2023 ஏப்ரல் 1-ல் ஒரு சுற்றறிக்கையால் மதிப்பு பழைய அளவுக்குத் திரும்பியது. கட்டணம் 2 ஆயிற்று. அந்தச் சுற்றறிக்கையை உயர் நீதிமன்றம் செல்லாது என்றது. மக்கள் கருத்தைக் கேட்டபின் 2024 ஜூலை 1 முதல் திருத்திய மதிப்பு வந்தது. முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2. ஆக 9 சதவீதம்.

இந்த ஒன்பதுக்குப் பயந்து என்ன செய்கிறோம் என்பதற்கு ஓர் உத்தேசக் கணக்கு. ஏக்கர் 8 லட்சத்துக்குப் பேசி முடிக்கிறார்கள். வழிகாட்டி 2 லட்சம். பத்திரத்திலும் 2 லட்சம். மறைத்த 6 லட்சத்துக்கு 9 சதவீதம் 54,000 ரூபாய். மிச்சம் வாங்குபவருக்கு.

சில ஆண்டுகளில் அந்தப் பக்கம் சாலை வருகிறது. திருமங்கலம்–கொல்லம் நான்குவழிச் சாலைக்காக நம் மாவட்டத்தில் நிலம் எடுத்ததைப் பார்த்திருக்கிறோம். 2013-ஆம் ஆண்டின் நிலம் கையகப்படுத்தல் சட்டம், முந்தைய மூன்றாண்டுப் பத்திரங்களை எடுத்து, அவற்றில் விலை கூடிய பாதியின் சராசரியைப் பார்க்கச் சொல்கிறது. அதையும் முத்திரைச் சட்ட மதிப்பையும் ஒப்பிட்டுக் கூடியதை எடுத்துக்கொள்ள வேண்டும். கிராமப்புறத்துக்கு 1 முதல் 2 வரை ஒரு பெருக்குக் காரணி. அதன்மேல் அதே அளவு ஆறுதல் தொகை. காரணியை 1 என்றே வைப்போம். ஊர்ப் பத்திரங்கள் எல்லாம் 2 லட்சம் என்றால் ஏக்கருக்குக் கிடைப்பது 4 லட்சம். உண்மை விலை எழுதியிருந்தால் 16 லட்சம். 54,000 மிச்சம் பிடித்த பழக்கத்துக்கு 12 லட்சம் அபராதம். அதைக் கட்டுபவரோ பத்திரமே போடாத பக்கத்துக் காட்டுக்காரர். பந்தலைப் போட்டு, "எங்க நிலம் எட்டு லட்சம் போகும்" என்று அவர் கத்தும்போது, அதிகாரி எடுத்துக் காட்டுவது நாம் கையெழுத்துப் போட்ட காகிதத்தை.

விற்பவர் பக்கம் வாருங்கள். குறைத்து எழுத அவருக்கு என்ன காரணம்? நகர எல்லையிலிருந்து குறிப்பிட்ட தூரத்துக்கு அப்பால் உள்ள விவசாய நிலம் வருமான வரிச் சட்டப்படி மூலதனச் சொத்தே அன்று. விற்ற லாபத்துக்கு வரி இல்லை. நகரத்தின் மக்கள்தொகை 10,000-க்கு மேல் 1 லட்சம் வரை என்றால் 2 கிலோமீட்டர், 1 லட்சத்துக்கு மேல் 10 லட்சம் வரை 6, அதற்கு மேல் 8. எல்லாம் வான்வழித் தூரம். வரியே இல்லாத 8 லட்சத்தை மறைத்து, 6 லட்சத்தை மஞ்சள் பையில் வாங்கி வருகிறார் சம்சாரி. பணம் எங்கிருந்து வந்தது என்று வங்கியோ வரித்துறையோ கேட்டால், அவரிடம் இருப்பது 2 லட்சத்துக்குப் பத்திரம். 2015 ஜூன் முதல் நில விற்பனைக்கு 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கத் தடை. மீறினால் வாங்கிய தொகை அளவுக்கே தண்டம், அதுவும் பணத்தைப் பெற்றவருக்கு. வரிக்குரிய வருமானம் இல்லாமல், விவசாய வருமானம் மட்டுமே உள்ள இருவருக்குள் நடந்தால் விலக்கு உண்டு. வெளியூர் முதலாளி வாங்கினால் இல்லை.

சிவகாசிக்காரர்கள் இதில் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். 2011 கணக்கெடுப்பில் சிவகாசியும் திருத்தங்கலும் தனித்தனியே 1 லட்சத்தை எட்டவில்லை. 2021-ல் இரண்டும் சேர்ந்து மாநகராட்சியானபோது கூட்டுத்தொகை 1 லட்சத்தைத் தாண்டியது. எல்லையும் மாறியது. முன்பு 2 கிலோமீட்டர் கணக்கில் வரிக்கு வெளியே இருந்த காடு இப்போது 6 கிலோமீட்டர் கணக்கில் உள்ளே வரலாம். விற்கும் முன்பே தணிக்கையாளரைப் பார்த்துவிடுங்கள்.

வதந்திக்கு விலை கொடுக்காதீர்கள்

இ.குமாரலிங்கபுரத்தில் 1,052 ஏக்கரில் பி.எம். மித்ரா ஜவுளிப் பூங்கா என்று 2023 மார்ச்சில் அறிவிப்பு வந்தது. கமுதியில் 648 மெகாவாட் சூரிய மின் நிலையம் 2016-லேயே எழுந்தது. இத்தகைய செய்திகள் வந்தவுடன் தரகர் நாவில் விலை ஏறும். அறிவிப்பு ஒரு தேதி, வேலை தொடங்குவது வேறு தேதி, அது உங்கள் சர்வே எண்ணுக்குப் பயன்படுவது மூன்றாவது தேதி. விலை கேட்கும்போது மூன்றையும் பிரித்துக் கேளுங்கள். கல் ஊன்றி, கொடி கட்டி, கரிசல் காட்டை மனையாக விற்ற காலத்துக்கு 2016 செப்டம்பர் 9 அன்று சென்னை உயர் நீதிமன்றம் தடை போட்டது. அங்கீகாரமில்லா மனையைப் பதியக் கூடாது என்ற அந்த ஆணைக்குப் பின்னும், புஞ்சையைச் சென்ட் கணக்கில் விற்கப் பார்ப்பவர்கள் இருக்கிறார்கள். அனுமதி கையில் இல்லாதவரை அதன் விலை புஞ்சை விலைதான்.

நல்ல விலை அறிய எளிய வழி ஒன்று உண்டு. பதிவுத்துறை இணையதளத்தில் வில்லங்கச் சான்றில் கைமாற்றுத் தொகை, சந்தை மதிப்பு என இரண்டும் வரும். உங்கள் சர்வே எண்ணுக்கு மட்டும் பார்க்காதீர்கள். சுற்றியுள்ள எண்களுக்கும் பாருங்கள். இங்கிலாந்தின் நிலப் பதிவகம் வீட்டு விற்பனை விலைகளை 1995 முதல் வரிவரியாக வெளியிட்டு வருகிறது. நம்மிடமும் பட்டியல் இருக்கிறது. ஆனால் அதில் நிரம்பியிருப்பது நாமே எழுதிய பொய்.

அரசுக்கும் ஒரு வார்த்தை. 9 சதவீதம் கேட்டுக்கொண்டே உண்மை விலையையும் கேட்பது நடவாத காரியம். 10 லட்சம் வரையிலான சொத்தைப் பெண்கள் பெயரில் பதிந்தால் 2025 ஏப்ரல் முதல் பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் சலுகை தந்திருக்கிறார்கள். சிறு புஞ்சைகளுக்கு அது பொருந்தும், பயன்படுத்துங்கள். சிறு விவசாய நிலக் கிரயங்களுக்கு மொத்த விகிதத்தையே இன்னும் இறக்கினால் உண்மை விலை எழுத மனம் வரும். எழுதப்படும் தொகை உயர்வதால் வருவாயில் விழும் பள்ளம் பெருமளவு நிரம்பும் என்பது என் கணிப்பு.

அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை. இங்கே இருக்கும் பத்திர எழுத்தர்களே, "தொகை எவ்வளவு போடட்டும்?" என்று கட்சிக்காரரைக் கேட்பதை விட்டு, "எவ்வளவு கைமாறுது?" என்று கேளுங்கள். சட்டம் படிக்கும் மாணவர்களே, இந்தக் கணக்கை உங்கள் அப்பாவிடம், மாமாவிடம் போட்டுக் காட்டுங்கள். விற்கும் சம்சாரி பேச்சின் முதல் நாளே, "முழுத் தொகையும் பேங்க்ல, முழுத் தொகையும் பத்திரத்துல" என்று சொல்லிவிட்டால் பாதி வேலை முடிந்தது. அதற்கு வாங்குபவர் கேட்கும் தள்ளுபடி 9 சதவீதத்துக்கு மேல் போக நியாயமில்லை. போனால் அவர் ஒளிப்பது தீர்வையை மட்டும் அன்று என்று புரிந்துகொண்டு வேறு ஆளைப் பாருங்கள்.